எழுத்து அழிந்த சில்லு

போன வாரம் ஒருநாள் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, மேசை விளக்கை அணைத்துவிட்டு கைபேசி டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து ஒரு சூதாட்டச் சில்லை, அதாவது சூதாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டத் துண்டை, பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து வெளிச்சம் அடித்தால் அதில் ஒன்றுமே தெரியாது. பழுப்பேறிப்போன ஒரு வட்டம், அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்தால் மட்டும் பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வரும். முதலில் ஒரு ‘டீ’, அப்புறம் ‘ஓ’, நடுவில் வழித்துப் போட்டமாதிரி வெறும் பரப்பு, கடைசியில் ‘ஏ’, ‘ஹெச்’. கீழே ‘கிளப்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு ஐந்து. டோனோபா கிளப் என்ற பழைய அமெரிக்கச் சூதாட்ட விடுதி, ஐந்து டாலர்.

அந்தக் காலத்துச் சில்லுகளில் பெரும்பாலும் சூடாக்கிய அச்சை வைத்து பொன்னிறத் தகட்டை அழுத்தித்தான் பெயர் பதிப்பார்கள். தகடு கொஞ்ச நாளில் உரிந்துவிடும், ஆனால் அச்சு அழுத்திய பள்ளம் களிமண்ணில் அப்படியே இருக்கும். அதனால்தான் பொன் போன பிறகும் நிழலை வைத்துப் படிக்க முடிகிறது. (களிமண் என்று சொல்கிறோமே தவிர முழுக்கக் களிமண் கிடையாது, அதோடு வேறு சில பொருட்களும் பிசினும் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது.) என்னிடம் இருப்பதிலேயே மோசமான நிலையில் இருக்கும் சில்லு இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிப் என்று சொல்லாமல் சில்லு என்று எழுதுவது பழக்கதோஷம். சின்ன வயதில் பாண்டி ஆடும்போது உடைந்த ஓட்டுத் துண்டை எடுத்துத் தரையில் உரசி உரசி ஓரத்தை மழுக்கிக் கட்டத்துக்குள் எறிவோமே, அந்தச் சில்லுதான் இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் வேலை பார்ப்பவர்கள் இதைச் சிப் என்றுகூட சொல்வதில்லை, ‘செக்’ என்பார்கள். தொகை போட்டிருந்தால் அது செக். ரூலெட் (சுழலும் சக்கரத்தில் குண்டு உருட்டும் சூது) மேசையில் தொகை எதுவும் இல்லாமல் ஆளுக்கொரு நிறமாகக் கொடுப்பதுதான் சிப். செக் என்ற பெயர் பொருத்தமானதுதான், இந்தத் தொகையை நான் உனக்குத் தருகிறேன் என்று கிளப் எழுதிக் கொடுத்த வாக்குதானே அது.

நான் சேர்ப்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டோனோபா என்ற ஒரே ஊரின் சில்லுகளை மட்டும். லாஸ் வேகாஸில் இருந்து 95ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே 210 மைல், பீட்டி, கோல்ட்ஃபீல்ட் எல்லாம் தாண்டி, ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கும் வெள்ளிச் சுரங்க ஊர். வேகாஸ் சில்லு சேர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அங்கே ஒரு விடுதியை இடித்தால் அதே இடத்தில் அதைவிடப் பெரியது எழும்பிவிடும். டோனோபா மாதிரி ஊரில் ஒரு கிளப் மூடினால் மூடினதுதான்.

ஊர் பிறந்த கதையே ஒரு வாக்குக் கதை. 1900 மே மாதம் ஜிம் பட்லர் என்பவர் அந்தப் பக்கம் கழுதைகளோடு போகிறார், கழுதை ஒன்று வழி தவறுகிறது, அதை விரட்ட எடுத்த கல் கனமாக இருக்கிறது, பார்த்தால் வெள்ளித் தாது. கழுதைக் கதை எவ்வளவு தூரம் நிஜமோ, தாது நிஜம். அதைச் சோதித்துப் பார்க்கக்கூட பட்லர் கையில் பணமில்லை. டாஸ்கர் ஆடி என்ற இளம் வழக்கறிஞர் பங்குக்கு ஒப்புக்கொண்டு அந்த ஏற்பாட்டைச் செய்தார். இருப்பதிலேயே செழிப்பான நிலத்துக்கு அடையாளம் நட்டு ‘மிஸ்பா’ என்று பெயர் வைத்தது பட்லரின் மனைவி பெல். எபிரேய மொழியில் காவல் கோபுரம் என்று பொருள்.

அடுத்த வருஷம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பட்லர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டார், எடுக்கும் தாதுவில் கால் பங்கு நிலக்காரருக்கு என்று பேச்சு. பேச்சு என்றால் வெறும் வாய்ப்பேச்சு. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது, அடியளந்து காட்டி இங்கிருந்து இதுவரை உனக்கு என்று சொன்னதோடு சரி. அந்தக் குத்தகைகளால் வழக்கு வம்பு எதுவும் வந்ததில்லை என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். இதை முதன்முதலில் படித்த அன்றே வேறு ஊர்ச் சில்லுகளை எல்லாம் விற்றுவிட்டேன்.

டோனோபா கிளப்புக்கு வருகிறேன். 1901ல் ஜார்ஜ் விங்ஃபீல்ட் என்ற இளைஞர் ஊருக்குள் வந்து சேர்கிறார். மாடு மேய்த்தவர், சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர். டோனோபா கிளப்பில் சூதாட்டத்தை எடுத்து நடத்தினார். மேசையில் ஜெயித்த காசைச் சுரங்கப் பங்குகளில் போட்டார். வின்னமக்காவில் வங்கி வைத்திருந்த ஜார்ஜ் நிக்சன் அவரோடு சேர்ந்தார். பக்கத்து ஊரான கோல்ட்ஃபீல்டில் தங்கம் கிடைத்ததும் இருவரும் அங்கே சுரங்கங்களாக வாங்கிச் சேர்த்து, 1906ல் கோல்ட்ஃபீல்ட் கன்சாலிடேட்டட் மைன்ஸ் கம்பெனியை உண்டாக்கியபோது விங்ஃபீல்டுக்கு வயது 30. நிக்சன் செனட்டராகி 1912ல் இறந்தபோது, காலியான இடத்தில் விங்ஃபீல்டை உட்கார வைக்கப் பார்த்தவர் அப்போதைய கவர்னர். யார் அந்தக் கவர்னர் என்றால் அதே டாஸ்கர் ஆடி. விங்ஃபீல்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிற்பாடு அவரிடம் 12 வங்கிகள் இருந்தன, 1932ல் எல்லாம் மொத்தமாக மூடப்பட்டன. நெவாடாவின் பாதி வரலாறு ஒரு சீட்டு மேசையில் இருந்து கிளம்பி வங்கி வாசலில் முடிகிறது. அந்த மேசை இருந்த கிளப்பின் பெயர்தான் என் சில்லில் நிழலாகத் தெரிகிறது.

என் சில்லு விங்ஃபீல்ட் காலத்தது இல்லை, அது வேறு விஷயம். விற்பவர்கள் சிலர் ‘1905, அசல்’ என்று சொல்லித்தான் கையில் திணிப்பார்கள். அந்த ஆரம்ப கால மதுக்கடைகளில் ஓடிய சில்லுகளில் பெரும்பாலும் கிளப் பெயரே இருக்காது. பூவோ வேறு ஏதாவது சித்திரமோ செதுக்கியிருக்கும், எந்த ஊரிலும் ஓடும். அப்புறம் 1909ல் நெவாடா சூதாட்டத்தையே தடை செய்து சட்டம் போட்டது, 1910 அக்டோபர் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஆட்டம் நின்றதா என்றால் இல்லை, பின்கட்டுக்குப் போனது. பின்கட்டில் ஆடுகிறவன் சில்லில் தன் பெயரை அச்சடித்து வைத்துக்கொள்ள மாட்டான் இல்லையா. 1931 மார்ச் 19ஆம் தேதி கவர்னர் ஃபிரெட் பால்சர் கையெழுத்துப் போட்டுத் தடையை நீக்கின பிறகுதான், மாவட்ட ஷெரிப்பிடம் உரிமம் வாங்கி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, சில்லிலும் பெயர் போட்டு ஆட்டம் நடந்தது. ஆக, பெயரும் தொகையும் போட்ட டோனோபா சில்லு என்றால் 1931க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்வதுதான் என் வழக்கம். அதற்குள் வெள்ளியின் நல்ல காலம் எப்போதோ முடிந்திருந்தது.

இன்னொன்று, ஒரு டாலர் சில்லுகள் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் வெள்ளி டாலர்தான் என்று நினைக்கிறேன். 1960களின் நடுப்பகுதிவரை நெவாடா மேசைகளில் ஒரு டாலருக்கு நிஜ வெள்ளி டாலரையே வைத்து ஆடினார்கள். அது தட்டுப்பாடாகி மறைந்த பிறகு, 1965ல்தான் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச் சாலை சூதாட்ட விடுதிகளுக்காக உலோக டோக்கன் அடிக்க ஆரம்பித்தது. நெவாடாவின் தலைநகரான கார்சன் சிட்டியில், அங்கே இருந்த அரசு நாணயச் சாலையில், அடித்த வெள்ளி டாலரைக் காட்டி ‘இது டோனோபா வெள்ளி’ என்று ஒருவர் என்னிடம் விற்கப் பார்த்தார். கார்சன் சிட்டியில் நாணயம் அடிப்பது 1893லேயே நின்றுவிட்டது, பட்லர் கல்லை எடுக்க இன்னும் ஏழு வருஷம் இருந்தது. இந்த மாதிரிக் கணக்கு மனதில் இருந்தால் காசு மிச்சம்.

எல்லா நேரமும் மிச்சம் ஆகவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு டோனோபா சில்லுக்கு 180 டாலர் கொடுத்தேன். பொன்னெழுத்து பளபள என்று இருந்தது, சில்லு மட்டும் பழசு. நல்ல நிலையில் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் மறு யோசனையே வரவில்லை. நான்கு மாதம் கழித்து, வேகாஸில் சேகரிப்பாளர்கள் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் கூட்டத்துக்கு (1988ல் ஆரம்பித்த சங்கம் இது) அதை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் பத்து மடங்கு உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, ‘கீறலைப் பார், எழுத்தைப் பார்க்காதே’ என்றார். சில்லின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு பழைய கீறல் ஓடியது. ஐந்து என்ற எண்ணை அது தொடும் இடத்தில், கீறல் பொன்னை அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பொன் கீறலுக்குள் இறங்கிப் படிந்திருந்தது. அதாவது கீறல் முதலில் விழுந்தது, எழுத்து பிறகு வந்தது. யாரோ பெயரில்லாத பழைய சில்லை எடுத்து, புதிதாகப் பெயர் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். எனக்கு விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். பணம் போனதைவிட, அந்த நான்கு மாதமும் அதை எடுத்து எடுத்துப் பார்த்து சந்தோஷப்பட்டிருந்தேனே, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

அன்றைக்கு அந்தப் பெரியவர் நிறையச் சொல்லிக் கொடுத்தார். ஓரத்தில் அழுத்திப் பதித்திருக்கும் சித்திர வரிசையைப் பார்த்தே எந்த அச்சில் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வருவது ஒன்று, கிரேக்கக் கோலம் மாதிரி மடங்கி மடங்கிப் போகும் ‘சின்னச் சாவி’ இன்னொன்று. இந்தச் சின்னச் சாவி லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டி. ஆர். கிங் கம்பெனியினுடையது. ஓரத்தில் வேறு நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது மேலே பூசியது இல்லை, வேறு நிறக் களிமண் துண்டை உள்ளே பொருத்தி அழுத்தியது. அடுக்கி வைத்தாலும் பக்கவாட்டில் பார்த்தே ஐந்தா இருபத்தைந்தா என்று தெரிய வேண்டும், நடுவில் ஒரு போலி நுழைந்தால் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான். அப்புறம் தயாரிப்பாளர்களின் ஆர்டர் அட்டைகள். எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, என்ன நிறத்தில் எத்தனை சில்லு அனுப்பினோம் என்று எழுதி வைத்த அட்டைகள் சில கம்பெனிகளில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கிளப்பே மறைந்துபோன ஊர்களில் அந்த ஒரு அட்டைதான் சாட்சி.

சரி, தேய்ந்த சில்லு விஷயம். சந்தையில் விலை போவது பளபளப்புக்குத்தான், தேய்மானம் கூடக்கூட விலை இறங்கும். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள், ஒரு பழைய கிளப்பின் சில்லு புத்தம் புதிதாக இருக்கிறது என்றால் அது மேசைக்கே வரவில்லை என்று அர்த்தம். கிளப் மூடும்போது பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது, பெட்டியோடு யாரோ வாங்கினார்கள், நூறு நூறாகக் கைமாறியது. அந்தச் சில்லை யாரும் பணயம் வைத்ததில்லை, அதை இழந்து யாரும் ராத்திரி நடந்தே வீட்டுக்குப் போனதில்லை. தேய்ந்த சில்லு ஆட்டம் பார்த்தது. ஆட்டம் பார்த்ததோடு, ஏதோ ஒரு நாள் கிளப்புக்குத் திரும்பாமல் யாருடைய சட்டைப்பையிலோ வெளியே வந்தது. அதனால்தான் அது இன்று இருக்கிறது, திரும்பிப் போனவை எல்லாம் கிளப்போடு போய்விட்டன.

இதை இன்னும் நன்றாக உணர்ந்தது போன வசந்த காலத்தில் டோனோபா போனபோது. மனைவியும் கூட வந்தாள். ‘ஒரு வட்டத் துண்டுக்காக இவ்வளவு தூரமா’ என்று பீட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தவள், மிஸ்பா ஓட்டல் முன்னால் இறங்கினதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டாள். 1907-08ல் எழுந்த ஐந்து மாடி, அந்தக் காலத்தில் நெவாடாவின் உயரமான கட்டடங்களில் ஒன்று. 1999ல் மூடி, 2011ல் மறுபடி திறந்தார்கள். பின்னால் மேட்டில் பட்லர் தம்பதியின் பழைய சுரங்க நிலமெல்லாம் இப்போது அருங்காட்சியகப் பூங்கா, மிஸ்பா சுரங்கத்தின் தூக்குக் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஊர் ஓரத்தில் பழைய மயானம். 1911 பிப்ரவரியில் பெல்மான்ட் சுரங்கத்தில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். பில் மர்ஃபி என்ற தொழிலாளி கூண்டில் மறுபடி மறுபடி கீழே இறங்கி ஆட்களை ஏற்றி அனுப்பி, கடைசித் தடவை இறங்கியவர் திரும்பவில்லை. அங்கே நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். காற்று அப்படி அடித்தது.

மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில் பக்கத்து மேசையில் எண்பது தாண்டிய ஒருவர். பேச்சுவாக்கில் பழைய காலத்தில் சீட்டு மேசையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. பையில் இருந்த சில்லை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வாங்கி விரல்களுக்கு மேல் ஒரு தடவை உருட்டினார், மேசையில் கொஞ்சம் உயரத்தில் இருந்து போட்டார். ‘டொக்’ என்று அமுங்கிய சத்தம். தலையை ஆட்டினார், களிமண் என்று. அப்புறம் கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது மேசையில் தேய்ந்தது இல்லை, பையில் தேய்ந்தது’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். மேசையில் தேய்ந்தால் முதலில் ஓரம் போகும். அடுக்குவது, கலைப்பது, ஒன்றை ஒன்றில் இடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் ஓரத்தைத்தான் மழுக்கும், பாண்டிச் சில்லு மாதிரி உருண்டுவிடும். இதில் ஓரம் இன்னும் கூராக இருக்கிறது, முகம்தான் வழவழ என்று ஆகிவிட்டது. சாவியோடும் சில்லறைக் காசோடும் வருஷக்கணக்கில் ஒரே பையில் கிடந்தால்தான் முகம் இப்படித் தேயும். யாரோ ஒருவர் இதைக் காசாக்காமல், வேண்டுமென்றே, ராசிக்கோ ஞாபகத்துக்கோ கூடவே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

அதுவரை நான் அதில் எழுத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்து எங்கே எல்லாம் இல்லையோ அங்கேதான் ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி அதை வாங்கித் தானும் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையில்தான் இருந்தது.

நெவாடா சூதாட்ட விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது, 12ஆம் ஒழுங்குமுறையில். சில்லு என்பது அதை வெளியிட்ட நிறுவனம், அதை வைத்திருப்பவருக்குப் பட்டிருக்கும் கடனுக்கு அடையாளம், ஆனால் சில்லு என்ற பொருள் வெளியிட்ட நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது. என் சில்லு அந்த விதிகளுக்கெல்லாம் மூத்தது. ஆனாலும் படித்ததில் இருந்து இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். இந்த வட்டம் என்னுடையது இல்லை, டோனோபா கிளப்பினுடையது. எனக்குச் சொந்தமானது அவர்கள் தர வேண்டிய ஐந்து டாலர் மட்டும்தான். எனக்கு முன்னால் அதைப் பையில் போட்டு நடந்தவருக்கும் அவ்வளவுதான் சொந்தம், அவரும் கேட்கப் போகவில்லை.

இப்போது டோனோபா சில்லுகள் என்னிடம் பத்தொன்பது இருக்கின்றன, அந்தப் போலியையும் சேர்த்தால் இருபது. போலியைத் தூக்கிப் போடவில்லை, கீறல் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு காகிதத்தோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றோடும் எப்போது, யார் மூலமாகக் கிடைத்தது என்று ஒரு துண்டுச்சீட்டு. இந்த மாதத்தில் இருந்து இன்னொரு வரியும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன், ஓரம் தேய்ந்ததா முகம் தேய்ந்ததா என்று. இதுவரை பார்த்ததில் முகம் தேய்ந்தவை மூன்று.

கழுவுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் ஒரு மிஸ்பா சில்லைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு எழுத்தின் பொன்னை முழுசாகப் போக்கிவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெத்துத்துணியால் ஒத்தி எடுத்தால் போதும், அழுக்குப் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். இதைப் படிப்பவர்களில் நெவாடா பக்கம் வேலைக்கு வந்தவர்கள் இருப்பீர்கள். பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் பட்டன் டப்பாவுக்குள்ளோ கருவிப் பெட்டிக்குள்ளோ இந்த மாதிரி ஒரு தேய்ந்த வட்டம் கண்ணில் பட்டால், எழுத்து இல்லையே என்று விட்டுவிடாமல் பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ‘டீ’ என்று ஒரு எழுத்து தெரிந்தால்கூடப் போதும், 210 மைல் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.